கோப்பைப் பிடித்திருப்பது யார்?

ரிஷிவந்தியத்தில், நகல் எடுப்பது, விண்ணப்பம் நிரப்புவது, புகைப்படம் பதிப்பது ஆகிய பல தொழில்களையும் ஒரே கணினியைக் கொண்டு நடத்திவரும் ஒரு சிறு கடையில், கரும்பு வெட்டு மும்முரமாக நடக்கும் காலத்து முற்பகல் ஒன்றில், என் காரியத்துக்காக நான் காத்திருந்தேன். எனக்கு முன்னால் மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றின் தலைவி அமர்ந்திருந்தார். உறுப்பினர்களின் சேமிப்பும் கடன் தவணையும் அடங்கிய அட்டவணையைக் கடையிலிருந்த இளைஞர் ஒரு சிறு நிரலிடம் கொடுத்தார். அந்த அட்டவணையை வங்கி கேட்கும் உருவத்துக்கு மாற்றித் தருவதே அந்நிரலின் வேலை. முப்பத்தாறு வரிகள் வரையில் ஒழுங்காக ஓடிய நிரல், 37ஆம் வரியில் பிழை என்று அறிவித்து நின்றுவிட்டது. உற்றுப் பார்த்ததில், அவ்வரியில் 500 என்ற தொகையின் இரண்டு பூஜ்யங்களுக்குப் பதிலாக, பார்வைக்கு அதே போலத் தோன்றும் ஆங்கில 'ஓ' எழுத்தை யாரோ தட்டெழுதியிருந்தது தெரிந்தது. மனிதக் கண்ணுக்கு அது ஐந்நூறு. கணினிக்கோ அது எண்ணே அன்று.

இதுவரை நடந்ததில் வியப்பில்லை. திருத்திய பிரதி ஒன்று தலைவியின் பென்டிரைவிலேயே இருந்தது. பழைய கோப்பை அழித்துவிட்டுப் புதியதை அவ்விடத்தில் வைப்பதற்காக இளைஞர் முயன்றபோதுதான் விஷயம் விசித்திரமாயிற்று. கோப்பு வேறொரு நிரலில் திறந்திருப்பதால் இச்செயலை முடிக்க இயலாது என்று கணினி மறுத்தது. திரையில் திறந்த ஏடு ஒன்றுமில்லை. இருந்த சாளரங்கள் எல்லாவற்றையும் மூடியாகிவிட்டது. பெயரை மாற்றப் பார்த்தார். அதற்கும் அதே பதில்.

"யாருப்பா அத புடிச்சிக்கினு இருக்காங்க? நாமதான எல்லாத்தையும் மூடிட்டோம்?" என்றார் தலைவி.

"தெரியலக்கா. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும்" என்றார் இளைஞர். அவ்வாறே செய்தார், அவ்வாறே சரியாயிற்று.

அந்த அம்மையார் கேட்ட கேள்விக்கு அன்று விடை கிடைக்கவில்லை. ஆயினும் கணினி இயலில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மேதைகள் பலர் சிந்தித்துவந்த ஒரு பிரச்சினையின் நடு நரம்பைத் தொட்ட கேள்வி அது. பிடித்திருப்பது யார்? ஏன் விடவில்லை? அணைத்து ஏற்றினால் ஏன் விடுகிறது?

முதலில், ஒரு கோப்பை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டிய அவசியம் எதனால் வந்தது என்பதைப் பார்ப்போம். அதே குழுவின் கணக்கில் 12,000 ரூபாய் இருப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். குழுவின் செயலாளர் ஒரு கணினியிலும் பொருளாளர் மற்றொரு கணினியிலும் அதே கணக்கை ஒரே வேளையில் திறக்கிறார்கள். இருவர் கண்ணிலும் படுவது 12,000. செயலாளர் அதனுடன் 500 ரூபாய் சந்தாவைக் கூட்டி 12,500 என்று எழுதி வைக்கிறார். பொருளாளர், தாம் முன்பே வாசித்து வைத்த 12,000 என்ற தொகையுடன் 700 ரூபாயைக் கூட்டி 12,700 என்று எழுதுகிறார். உண்மையில் இருக்க வேண்டியது 13,200. இருவரும் நேர்மையானவர்கள், இருவரும் பிழையின்றிக் கூட்டினார்கள், கணினியும் சொன்னதைச் செய்தது. ஆனாலும் 500 ரூபாய் சுவடின்றி மறைந்துவிட்டது. ஒருவர் வாசித்து, கூட்டி, எழுதி முடிக்கும் வரையில் மற்றவர் அந்த ஏட்டைத் தொடாதிருக்கச் செய்வதே இந்த நஷ்டத்தைத் தடுக்க நேரான வழி. அவ்வாறு செய்யும் ஏற்பாட்டுக்குத்தான் பூட்டு என்று பெயர். பெட்டியில் தொங்கும் இரும்புப் பூட்டைப் போன்ற பொருள் அன்று அது. 'இப்பொழுது இது இன்னாரிடம் இருக்கிறது' என்ற ஒரு குறிப்பு, அவ்வளவே.

அந்தக் குறிப்பை எழுதி வைத்திருப்பது யார் என்பதில்தான் நம் புதிரின் முதற் பாதி அடங்கியிருக்கிறது. கணினியில் எல்லா நிரல்களுக்கும் மேலாக இருந்து, நினைவகத்தையும் வட்டையும் திரையையும் அவற்றுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் நிர்வாகி ஒன்று உண்டு. அதை இயக்க முறைமை என்கிறோம். விண்டோஸ், லினக்ஸ் என்பன அவ்வகையின. நிரல் என்பதையும் செயல்முறை என்பதையும் இங்கே வேறுபடுத்திக்கொள்வது நல்லது. ஏட்டில் எழுதி வைத்த சமையற் குறிப்பு நிரல் என்றால், அதைப் பார்த்து அடுப்படியில் இப்பொழுது நடந்துகொண்டிருக்கும் சமையலே செயல்முறை. ஒரு செயல்முறை ஒரு கோப்பைக் கேட்கும்போது, இயக்க முறைமை தன் பதிவேட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டு, அதன் அடையாளமாக ஓர் எண்ணைக் கொடுக்கிறது. அந்த எண்ணைக் கைப்பிடி என்று சொல்லலாம். கைப்பிடியைச் செயல்முறை திருப்பித் தருமளவும் பதிவேட்டில் அவ்வரி அடிக்கப்படாமல் நிற்கும். அழிக்கவோ பெயர் மாற்றவோ வேறொருவர் வந்தால், விண்டோஸ் பொதுவாக அவ்வரியைக் காட்டி மறுத்துவிடும். சாளரத்தை மூடுவது வேறு, கைப்பிடியைத் திருப்பிக் கொடுப்பது வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். நாம் காண்பது சாளரத்தை. நிர்வாகி காண்பது பதிவேட்டை.

இனி அந்தச் சிறு நிரலின் உள்ளே நுழைந்து பார்ப்போம். அதை எழுதியவர் ஏறக்குறைய இப்படித்தான் எழுதியிருப்பார்: கோப்பைத் திற, ஒவ்வொரு வரியாக வாசி, தொகையை எண்ணாக மாற்று, புதிய ஏட்டில் எழுது, கடைசி வரி முடிந்ததும் கோப்பை மூடு. ஐந்து கட்டளைகள், ஒன்றிலும் குறையில்லை. பட்டியல் ஒழுங்காக இருக்கும் நாளெல்லாம் ஐந்தும் வரிசையாக நடந்து, திறந்த கோப்பு மூடப்படும். ஆனால் 'ஓ' எழுத்தை எண்ணாக மாற்று என்னும்போது மாற்ற முடியாமல் போகவே, கணினி அடுத்த கட்டளைக்குப் போவதில்லை. செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு, பிழை நேர்ந்தால் என்ன செய்வது என்று எழுதியிருக்கும் வேறோர் இடத்துக்குத் தாவிவிடுகிறது. இந்தத் தாவலை விதிவிலக்கு என்று தமிழில் வழங்குகிறார்கள். அடுப்பில் பால் வைத்திருக்கும் தாய், வாசலில் குழந்தை விழுந்த சத்தம் கேட்டதும் அப்படியே ஓடுகிறாள். குழந்தையைத் தூக்குகிறாள், மருந்து தேடுகிறாள், அடுத்த வீட்டாருக்குச் சொல்கிறாள். அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. அடுப்பை அணைப்பது என்பது பால் காய்ந்த பின் செய்ய வேண்டிய காரியமாக அவள் மனத்தில் இருந்தது. பால் காயாமலே அவள் வெளியேற நேர்ந்ததனால் அந்தக் காரியத்துக்குரிய வேளை வரவே இல்லை. நம் நிரலிலும் கோப்பை மூடுதல் என்பது வெற்றியின் பாதையில் மட்டும் எழுதப்பட்டிருந்தது. தோல்வியின் பாதையில், மன்னிப்புக் கேட்கும் ஒரு செய்திப் பெட்டி மட்டும் இருந்தது.

செய்தியைக் காட்டிய பின் அந்தச் செயல்முறை மாண்டிருந்தால் தொல்லை இல்லை. அது மாளவில்லை. அடுத்த பட்டியல் வருமென்று திரைக்குப் பின்னால் விழித்திருந்தது, பழைய கைப்பிடியைக் கையிலே வைத்துக்கொண்டு. அம்மையாரின் கேள்விக்கு விடை இதுதான்: கோப்பைப் பிடித்திருந்தது, அக்கோப்பைப் பற்றிக் குறை சொல்லிவிட்டு நின்ற அதே நிரல்.

இத்தகைய பிடியை ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பிரத்தியக்ஷமாகப் பார்க்கக் கூடியது. விண்டோஸில் பணி மேலாளர் என்ற கருவியைத் திறந்தால், சாளரமின்றி ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறைகளும் பட்டியலில் வரும். அதனுடன் சேர்ந்த வள மேற்பார்வைக் கருவியில், கைப்பிடிகளைத் தேடும் பெட்டியில் கோப்பின் பெயரை எழுதினால், அதைப் பிடித்திருக்கும் செயல்முறையின் பெயர் வெளிப்படும். யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் இதே கேள்விக்கு விடை தருவதற்கென்று, அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விக்டர் ஏபல் எழுதிய எல்சாஃப் என்ற கருவி நெடுங்காலமாக வழங்கிவருகிறது. பெயர் தெரிந்தபின், அந்தச் செயல்முறை ஒன்றை மட்டும் முடித்துவைத்துப் பாருங்கள். மறுகணமே கோப்பை அழிக்கலாம், பெயரையும் மாற்றலாம். ஏனெனில் ஒரு செயல்முறை எவ்விதம் இறந்தாலும், தானே முடிந்தாலும் பிறர் முடித்துவைத்தாலும், அதன் பெயரில் பதிவேட்டிலுள்ள வரிகள் அத்தனையையும் அடித்துவிடுவது இயக்க முறைமையின் கடமை. கணினியை அணைத்து ஏற்றுவதனால் எல்லாச் செயல்முறைகளும் ஒருங்கே மாண்டு, பதிவேடும் வெறுமையாகிறது. இளைஞரின் வைத்தியம் பலித்ததற்குக் காரணம் அது. ஒரு கை விடாத ஒரு கோப்புக்காக வீட்டிலுள்ள அத்தனை பேரையும் வெளியேற்றிய வைத்தியம் என்றாலும், பலித்தது.

ஆனால் அணைத்து ஏற்றினாலும் அவிழாத பூட்டுகளும் உண்டு. அவற்றின் பிறப்பே வேறு. வேர்டு என்ற எழுத்து நிரலில் ஓர் ஆவணத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மறைந்த கோப்புகளையும் காட்டும்படி அமைத்து, அந்த ஆவணம் இருக்கும் கோப்புறையைப் பாருங்கள். அலைக்குறியும் டாலர் குறியும் முன்னே நிற்க, அதே ஆவணத்தின் பெயரைத் தாங்கிய ஒரு சிறு கோப்பு அருகில் தோன்றியிருக்கும். ஆவணத்தை முறைப்படி மூடினால் அது மறையும். மூடாமல், பணி மேலாளர் வழியாக வேர்டைப் பலவந்தமாக முடித்துவைத்தால், அச்சிறு கோப்பு பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். லிப்ரே ஆபீஸும் இவ்வாறே ஒரு பூட்டுக் கோப்பை வைத்துக்கொள்கிறது. இது, கதவில் ஒட்டிவிட்டுப் போகும் சீட்டு: 'உள்ளே இன்னார் வேலை செய்கிறார்.' கோப்பு வேறொரு கணினியின் வட்டில் இருக்கும்போதும், பிடித்திருப்பவரின் பெயரைப் பிறருக்குத் தெரிவிக்க வேண்டும்போதும், இந்தக் கணினியின் நிர்வாகி தன் பதிவேட்டில் எழுதுவது போதாமையினால் இந்த யுக்தி பிறந்தது. சீட்டை ஒட்டியவர் இறந்துவிட்டாலும் சீட்டு இறப்பதில்லை. அது வட்டில் எழுதிய எழுத்து. மின்சாரத்தை நிறுத்தினால் அழியாது.

உடையவன் போனபின் நிற்கும் இத்தகைய பூட்டை அநாதைப் பூட்டு என்று அழைக்க விரும்புகிறேன். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட் என்ற கருவியைப் பயன்படுத்தும் மென்பொருள் எழுத்தாளர் பலரும் இதைச் சந்தித்திருப்பார்கள். வேலையின் நடுவே மின்சாரம் போனாலோ நிரல் மடிந்தாலோ, பூட்டுக் கோப்பு ஒன்று பின்தங்கிவிடும். மறுபடி வந்தால், மற்றொரு கிட் செயல்முறை இங்கே ஓடுவதாகத் தோன்றுகிறது என்று கருவி சொல்லும். ஒன்றும் ஓடவில்லை என்பதை நாமே உறுதி செய்துகொண்டு அச்சீட்டைக் கையால் கிழிக்க வேண்டும். இதற்குப் பரிகாரமாகச் சில நிரல்கள், தம் செயல்முறை எண்ணைச் சீட்டில் எழுதி வைக்கின்றன. பின்னால் வருபவர் அந்த எண்ணுடைய செயல்முறை உயிரோடிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சீட்டைக் கிழிக்கலாம். நல்ல உபாயமே, ஆனால் செயல்முறை எண்கள் மறுபடி மறுபடி வழங்கப்படுபவை. காலியான வீட்டுக்கு வேறொருவர் குடிவந்ததை அறியாமல், கதவைத் தட்டியதும் உள்ளிருந்து குரல் வருகிறதே, பழையவர்தாம் இருக்கிறார் என்று திரும்பிப்போகும் நிலை இதில் நேரும்.

ரிஷிவந்தியம் இருக்கும் இந்தக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் பூட்டு என்ற ஏற்பாட்டுக்கு ஓர் அருமையான உவமை, இரும்பிலேயே வார்த்ததைப்போல் இருந்துவந்தது. விருத்தாசலத்திலிருந்து சின்னசேலம் வழியாகச் சேலம் செல்லும் ஒற்றை ரயில் பாதையை அறிந்தவர்கள், ஒரு பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வராமல் காப்பது எப்படி என்று யோசித்திருப்பார்கள். இந்திய ரயில்வேயின் ஒற்றைப் பாதைகளில் நெடுங்காலம் வழங்கிய முறை, நீல் என்பவரின் பெயரால் அழைக்கப்படும் பந்து முறை. அடுத்தடுத்த இரண்டு நிலையங்களில் ஒவ்வொரு பெட்டி. இரண்டும் மின்கம்பியால் பிணைந்தவை. இரண்டிலும் எஃகுப் பந்துகள். இரண்டு பெட்டிகளுக்குமாகச் சேர்ந்து ஒரே ஒரு பந்துதான் ஒரு வேளையில் வெளியே வரும். அது மறுபடி ஏதேனும் ஒரு பெட்டிக்குள் விழுந்தால் அன்றி இன்னொன்று வராது. பந்தைத் தோற்பையில் இட்டு, பிரம்பு வளையத்தில் கோத்து, ஓடும் இஞ்சினின் ஓட்டுநர் கைநீட்டி வாங்கிக்கொள்ளும்படி உயர்த்திப் பிடிப்பார்கள். அடுத்த நிலையத்தில் அவர் அதை வீசிவிட்டுப் போவார். கையில் பந்து இல்லாமல் அந்தப் பகுதிக்குள் நுழைய எந்த ஓட்டுநருக்கும் அதிகாரமில்லை.

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சு அறிஞர், 1960களில், பல செயல்முறைகள் ஒரு பொருளை முறையாகப் பகிர்ந்துகொள்ளும் வழியை வகுத்தபோது, தாம் கண்ட கருவிக்கு ரயில்வேயின் கைகாட்டி மரத்தின் பெயரையே, செமஃபோர் என்று, வைத்தார். நுழையுமுன் செய்ய வேண்டிய செயலொன்று, வெளியேறும்போது செய்ய வேண்டிய செயலொன்று. இரண்டும் இணைந்தே வர வேண்டும். கணிதத் தெளிவோடு அவர் அமைத்த அந்த ஏற்பாட்டில், நுழைந்தவர் என்றேனும் வெளியேறுவார் என்பது ஒரு நிபந்தனை. நம் 37ஆம் வரி அந்த நிபந்தனையை உடைத்தது.

ஓட்டுநர் பந்தை வீச மறந்து அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டால் என்ன ஆகும்? பாதை காலியாகத்தான் இருக்கும். ஆயினும் பெட்டி திறக்காது. அப்பொழுது நிலைய அதிகாரிகள் ஒருவரோடொருவர் பேசி, வண்டி முழுமையாக வெளியேறிவிட்டதை உறுதி செய்துகொண்டு, பேப்பர் லைன் கிளியர் என்னும் எழுத்துமூலமான அனுமதிச் சீட்டைக் கொடுத்து அடுத்த வண்டியை விடுவார்கள். அநாதைப் பூட்டை மனிதன் கையால் கிழிப்பதற்கு இது நிகரானது. 'உறுதி செய்துகொண்டு' என்ற சொல்லில்தான் உயிர் இருக்கிறது. ஓட்டுநர் மறக்காமல், வண்டியே நடுவழியில் பழுதாகி நின்றிருந்தால், பந்து திரும்பாமை ஒரு குறை அன்று, அதுதான் பாதுகாப்பு. இந்தப் பேதத்தை மனத்தில் வைத்துக்கொள்க. சற்றுப் பின்னால் இதற்குத் திரும்புவோம்.

மறதிக்குப் பரிகாரம் என்ன? கவனமாக எழுது என்று நிரல் எழுதுபவருக்கு உபதேசம் செய்வது பரிகாரம் ஆகாது. ஒரு நிரலிலிருந்து வெளியேறும் வழிகள் பல. ஒவ்வொரு வழியிலும் நின்று பூட்டை அவிழ்க்க நினைவு வைத்துக்கொள்வது மனிதனால் ஆகிற காரியம் அன்று. ஆகையினால் மொழிகளை அமைத்தவர்கள், நிரலின் உடலுக்குள்ளேயே அந்த நினைவைப் புதைத்துவைக்க வழி தேடினார்கள். ஒரு வழி, 'எதுவாயினும் இதைச் செய்' என்ற பகுதி: வேலை வெற்றியாக முடிந்தாலும் விதிவிலக்கினால் தாவினாலும், வாசலைத் தாண்டுமுன் இந்தப் பகுதியின் வழியாகவே கணினி போயாக வேண்டும். இன்னும் அழகிய வழியை, சி++ மொழியை ஆக்கிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரூப் 1980களில் வகுத்தார்: பூட்டைப் பெறுவதும் ஒரு பொருளைப் பிறப்பிப்பதும் ஒரே செயலாகட்டும், அப்பொருள் எவ்விதம் மறைந்தாலும் அதன் கடைசி மூச்சில் பூட்டு அவிழட்டும். பைத்தான் மொழியில் 2006 முதலும் ஜாவாவில் 2011 முதலும் இதே கருத்து வேறு வேறு வடிவங்களில் வந்துவிட்டது. இவை எல்லாவற்றிலும் உள்ள சாரம், விடுதலையை வெற்றியோடு கட்டாமல், பிடித்த கணத்தோடேயே கட்டிவிடுவது. அடுப்பைப் பற்றவைக்கும் கையே, குறித்த நேரத்தில் தானாக அணையும் திருகையும் சேர்த்துத் திருப்பிவிடுவதைப் போன்றது அது.

ஒரு கணினிக்குள் இவ்வளவும் சரி. பல ஊர்களில் பரவிய கணினிகள் ஒரே ஆவணத்தைப் பகிரும்போது, பிடித்தவன் இருக்கும் ஊரோடு தொடர்பே அறுந்துபோகலாம். அவன் இறந்தானா, கம்பிதான் அறுந்ததா என்று அறிய வழியிராது. இதற்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரி கிரேயும் டேவிட் செரிட்டனும் 1989இல் முன்வைத்த கருத்து குத்தகை என்பது. பங்குக் கிணறு உள்ள நம் பக்கத்து உழவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அண்ணன் தம்பி மூவருக்கு ஒரு கிணறு, ஒரு மோட்டார். ஆளுக்கு ஒரு நாள் முறை. முறைக்குரியவர் கச்சிராயபாளையத்தில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டாலும், நோயில் படுத்துவிட்டாலும், அவரிடம் போய் யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. விடிந்தால் முறை அடுத்தவருடையது. பூட்டைக் காலவரையறையோடு கொடுத்தால் அவிழ்ப்பவர் காலமே. ஆனால் இதிலும் ஒரு துன்பம் உண்டு: முறை தவறியவர், விடிந்ததை அறியாமல் வந்து, இன்னும் தம் முறைதான் என்று மோட்டாரைப் போட்டுவிடலாம். ஆகவே ஒவ்வொரு பூட்டுக்கும் ஏறுவரிசையில் ஓர் எண்ணையும் சேர்த்துக் கொடுத்து, பழைய எண்ணுடன் வருபவரின் எழுத்தைக் கோப்பு வைத்திருக்கும் கணினி ஏற்க மறுக்கும்படி செய்கிறார்கள். கூகுள் நிறுவனத்தில் உருவான சப்பி என்ற பூட்டுச் சேவையைப் பற்றி மைக் பர்ரோஸ் 2006இல் எழுதிய கட்டுரையில் இந்த ஏற்பாடும் விவரிக்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவு தூரம், பூட்டு அவிழாமையே தீமை, அவிழ்வதே நன்மை என்பது போலப் பேசிவந்தேன். இனி, நடுவழியில் நின்ற ரயில் வண்டிக்குத் திரும்ப வேண்டும். ஒரு செயல்முறை, குழுவின் கணக்கில் ஒருவருடைய தவணையைக் கழித்துவிட்டு, மற்றொருவருடையதில் கூட்டுமுன் பிழைபட்டு நின்றது என்போம். பூட்டு உடனே அவிழ்ந்துவிட்டால் அடுத்து வருபவர் காண்பது பாதி மாறிய கணக்கு; அதை உண்மையென்று நம்பி அவர் மேலே எழுதுவார். ஒரு செயல்முறைக்குள்ளேயே தனித்து ஓடும் வேலையை இழை என்பார்கள். ஜாவா மொழியில் ஓடும் இழையொன்றைப் பலவந்தமாக நிறுத்தும் கட்டளை தொடக்கத்தில் இருந்தது; அது நிறுத்தும்போது அந்த இழை வைத்திருந்த பூட்டுகளையெல்லாம் அவிழ்த்துவிடும். அதனாலேயே அது ஆபத்தானதென்று கண்டு, 1998இல் வந்த பதிப்பிலேயே அக்கட்டளையைப் பயன்படுத்த வேண்டாமென்று மொழியை வளர்த்தவர்கள் விலக்கிவைத்தார்கள். ரஸ்ட் என்ற புதிய மொழி ஒருபடி மேலே போகிறது: பூட்டைப் பிடித்தவர் பிழைபட்டு மாண்டால், பூட்டு அவிழும், ஆனால் அதன்மேல் விஷம் தீண்டியது என்ற முத்திரை விழும், அடுத்து வருபவர் அந்த முத்திரையைக் கண்டு, உள்ளே உள்ளதைச் சோதித்த பின்பே தொடலாம். இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஆறுதல் சொல்லாமல் உண்மையைச் சொல்கிறது.

இன்னும் ஆழமான தீர்வைக் கொடுத்தவர் ஜிம் கிரே. ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்திலிருந்து 1976இல் வெளிவந்த புகழ்பெற்ற கட்டுரையொன்றில் அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் பெயர் கபாலி ஈஸ்வரன் என்பது. தமிழ் வாசகருக்கு மயிலையை நினைவூட்டும் பெயர். பூட்டுகளை எந்த ஒழுங்கில் பெற்று எந்த ஒழுங்கில் விட்டால், பலர் ஒருங்கே வேலை செய்தும் ஒருவர்பின் ஒருவராகச் செய்ததைப் போன்ற விளைவு கிடைக்கும் என்பதை அக்கட்டுரை நிறுவியது. கிரே தம் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்திய கொள்கை, ஒரு காரியம் முழுமையாக நடக்க வேண்டும், இல்லையேல் நடக்கவே இல்லை என்ற நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பது. அதற்கு, எதையும் மாற்றுமுன் பழைய நிலையைக் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்வது. பிழை வந்தால் குறிப்பேட்டைப் பின்னோக்கி வாசித்து ஒவ்வொன்றையும் முன்போலாக்குவது. அதன் பின்பே பூட்டை விடுவது. நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் பேரேட்டைத் தொடுமுன் தினசரிக் குறிப்பில் பதிந்த வழக்கத்துக்கும் இதற்கும் உறவு உண்டு. 1998இல் டூரிங் விருது பெற்ற கிரே, 2007 ஜனவரி 28 அன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தனியாகப் படகில் கடலுக்குள் சென்றவர் திரும்பவில்லை. இன்று நாம் வங்கியில் போடும் ஒவ்வொரு ரூபாயும் அவர் வகுத்த ஒழுங்கின் காவலில் இருக்கிறது.

பிடித்தவன் விடாமையால் ஒரு பெருங்காரியமே தத்தளித்த கதை ஒன்றும் உண்டு. 1997 ஜூலை 4 அன்று செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம், சில நாட்களுக்குள் தன் கணினியைத் தானே அடிக்கடி மறுதொடக்கம் செய்துகொள்ளத் தொடங்கியது. அதன் கணினியில் பல பணிகள், ஒவ்வொன்றும் முக்கியத்துவத்தின்படி வரிசையாக ஓடின. வானிலைச் செய்தி சேகரிக்கும் எளிய பணி ஒன்று, பொதுவான ஒரு பூட்டைப் பிடித்திருந்த வேளையில், நடுத்தரப் பணிகள் அதைத் தள்ளிவிட்டு ஓடின. அந்தப் பூட்டுக்காகவே மிக முக்கியமான பணி காத்து நின்றது. எளிய பணிக்கு ஓட வாய்ப்புக் கிடைத்தால்தான் பூட்டு அவிழும். நடுத்தரப் பணிகள் வாய்ப்பை விடவில்லை. முக்கியமான பணி குறித்த காலத்தில் முடியாததைக் கண்ட காவல் ஏற்பாடு, ஏதோ கோளாறு என்று முடிவு செய்து கணினியை அணைத்து ஏற்றியது. ரிஷிவந்தியத்து இளைஞர் செய்த அதே வைத்தியம், கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால். பூமியில் வைத்திருந்த பிரதிக் கணினியில் அதே கோளாற்றை மறுபடி நிகழச் செய்து, நடந்த ஒவ்வொரு படியையும் பதிவிலிருந்து வாசித்து, நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்துப் பொறியாளர்கள் காரணத்தைக் கண்டார்கள்.

பரிகாரம் முன்பே ஆயத்தமாக இருந்தது. பூட்டைப் பிடித்திருக்கும் எளியவருக்கு, அதற்காகக் காத்திருக்கும் பெரியவரின் முக்கியத்துவத்தைத் தற்காலிகமாகக் கொடுத்துவிட்டால், இடையில் எவரும் தள்ள முடியாது. வேலையை முடித்து விரைவில் விட்டுவிடுவார். இந்த மரபுரிமை முறையை நிறுவி 1990இல் விரிவான கட்டுரை வெளியிட்டவர்கள் லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி என்ற மூவர். இவர்களில் ராஜ்குமார் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று, கார்னகி மெலன் பல்கலைக்கழகம் சென்றவர். கலத்தின் இயக்க முறைமையில் அந்த வசதி இருந்தது; இயக்கப்படாமல் இருந்தது. பூமியிலிருந்து சிறு திருத்தத்தை அனுப்பி அதை இயக்கினார்கள், மறுதொடக்கங்கள் நின்றன.

கள்ளக்குறிச்சி வட்டாரத்துக் கல்லூரிகளில் இன்று ஏராளமான பிள்ளைகள் நிரல் எழுதக் கற்கிறார்கள். குழுக்களுக்கும் சங்கங்களுக்கும் கடைகளுக்கும் சிறு நிரல்களை எழுதிக் கொடுக்கப் போகிறவர்கள் அவர்களே. ஆய்வகத்தில் அவர்களுக்குக் கொடுக்கும் மாதிரிப் பட்டியல்கள் பெரும்பாலும் பிழையற்றவையாக இருப்பதால், நிரலின் வெற்றிப் பாதை மட்டுமே சோதிக்கப்படுகிறது. ஆசிரியர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான்: அடுத்த வகுப்பில் கொடுக்கும் பட்டியலின் நடுவில் ஒரு வரியிலேனும் பூஜ்யத்துக்குப் பதிலாக 'ஓ' எழுத்தை வைத்துக் கொடுங்கள், நிரல் பிழையென்று சொன்னபின், அந்தக் கோப்பை அழிக்க முடிகிறதா என்று மாணவரையே பார்க்கச் சொல்லுங்கள்.